மேட்டில் ஒரு ஊர் – 5: இடித்தால் நட்டமில்லை

1943ஆம் ஆண்டு. போர் உச்சத்தில் இருந்தது. பிட்ஸ்பர்க்கின் உலைகள் இராப்பகலாக எஃகு வடித்துக்கொண்டிருந்தன. போர் முடிந்தபின் நகரத்தை எப்படித் திருத்துவது என்று நகர்மன்ற உறுப்பினர் ஜார்ஜ் எவன்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். மையக் கடைவீதியை ஒட்டி, கிழக்கே மேடேறும் பகுதியைப் பற்றி அவர் சொன்னதன் சாரம் இது: அங்குள்ள கட்டடங்களில் பத்துக்கு ஒன்பது தரங்கெட்டவை, அவற்றின் காலம் என்றோ முடிந்துவிட்டது, அத்தனையையும் இடித்தாலும் சமூகத்துக்கு நட்டம் ஏதுமில்லை.

அந்த மேடுதான் ஹில் டிஸ்ட்ரிக்ட். அங்கே வாழ்ந்தவர்களுக்கு வெறும் ‘ஹில்’. தென்மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் எஃகு ஆலைகளுக்குள் எப்படி நுழைந்தார்கள், யூதர்களும் இத்தாலியர்களும் சிரியர்களும் ஏற்கெனவே நிறைந்திருந்த தெருக்களில் எப்படி இடம்பிடித்தார்கள் என்பதையெல்லாம் போன அத்தியாயங்களில் பார்த்தோம். 1910இல் சுமார் 25,000 ஆக இருந்த நகரத்தின் கறுப்பின மக்கள்தொகை 1930இல் ஏறக்குறைய 55,000 ஆகியிருந்தது. வந்தவர்களில் மிகப்பலர் பெட்டியை இறக்கி வைத்த முதல் இடம் ஹில். இந்த வாரம் எவன்ஸின் கணக்கைத் தணிக்கை செய்து பார்க்கலாம்.

அவர் முழுப் பொய் சொல்லவில்லை. மேட்டின் அடிவாரமான லோயர் ஹில்லில் வீட்டுக்குள் கழிப்பறை இல்லாத குடும்பங்கள் நிறைய. ஒரே குழாயைப் பல குடித்தனங்கள் பங்குபோட்டன. ஆலைப் புகை படியாத சுவர் இல்லை; காசநோய் வீடு வீடாக ஏறி இறங்கியது. இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஜாஸ் இசையையும் நல்ல தொப்பிகளையும் மட்டும் எழுதி ‘பொற்காலம்’ என்று முடித்துவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

ஆனால் அந்த வீடுகள் ஏன் அப்படிப் பாழாயின? வாடகை வாங்கியவர்களில் பலர் அங்கே குடியிருக்கவில்லை, அதனால் பழுது பார்க்கவும் இல்லை. சொந்தமாக வாங்கிப் பழுதுபார்க்க நினைத்த கறுப்பினத்தவருக்கோ வங்கிகள் வெகுகாலமாகவே கையை விரித்துவந்தன. 1930களில் வீட்டுக்கடன்களைச் சீர்செய்வதற்காக அமெரிக்க அரசு தொடங்கிய நிறுவனம் நகரம் நகரமாக வரைபடம் தயாரித்தது. பிட்ஸ்பர்க்கின் வரைபடம் 1937இல் வந்தது. கடன் கொடுக்கப் பத்திரமான இடங்களுக்குப் பச்சை, ஆபத்தான இடங்களுக்குச் சிவப்பு. கூரை எப்படி இருக்கிறது என்று பார்த்த மதிப்பீட்டாளர்கள் கூரைக்கடியில் எந்த இனத்தவர் வாழ்கிறார் என்பதையும் சேர்த்தே குறித்துக்கொண்டார்கள். ஹில் சிவப்பாயிற்று. வங்கிகளின் பழைய வழக்கத்துக்கு அரசின் முத்திரை கிடைத்தது. கடன் கிடைக்காததால் கூரை மாறவில்லை. கூரை ஒழுகியதால் கட்டடம் தரங்கெட்டதாயிற்று. ஆறே வருடம் கழித்து எவன்ஸ் வந்து அதைத் துல்லியமாக எண்ணிவிட்டார்.

வங்கி கொடுக்கவில்லை என்றால் ஹில்லில் கடை திறந்தவர்களுக்கும் வீடு வாங்கியவர்களுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் கஸ் கிரீன்லீ வருகிறார்.

வட கரோலைனாவில் பிறந்து 1916இல் பிட்ஸ்பர்க் வந்தவர். முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போய்த் திரும்பி, மதுவிலக்குக் காலத்தில் சாராயம் கடத்தி, பிறகு வூகி ஹாரிஸ் என்ற நண்பரோடு சேர்ந்து ‘நம்பர்ஸ்’ நடத்தினார். நம் ஊரில் மூணு நம்பர் லாட்டரி என்பார்களே, அதே சங்கதி. மூன்று இலக்க எண் ஒன்றைச் சொல்லி ஒரு சென்ட்டோ ஐந்து சென்ட்டோ கட்டலாம். அன்றைய முடிவு, பத்திரிகையில் அச்சாகும் பங்குச்சந்தைத் தொகைகளின் இலக்கங்களிலிருந்து வரும். அதனால் யாரும் தில்லுமுல்லு செய்ய முடியாது என்று மக்கள் நம்பினார்கள். விழுந்தால் 600 மடங்கு வரை கிடைக்கும். ஒரு சென்ட் கட்டியவருக்கு ஆறு டாலர். பலகாரக் கடை, முடிதிருத்தகம், அழகு நிலையம் என்று எங்கும் சீட்டு எழுதினார்கள். சட்டப்படி குற்றம்தான். காவல்துறைக்கும் அரசியல்வாதிகளுக்கும் மாதாமாதம் போகவேண்டியது போய்க்கொண்டிருந்தது.

1930 ஆகஸ்ட் 5 அன்று ஊரே தேதியைப் பார்த்து 805 என்று கட்டியது. எட்டாவது மாதம், ஐந்தாம் நாள். எண் விழுந்தும்விட்டது. அத்தனை பேருக்கும் கொடுக்க முடியாமல் பல நம்பர்காரர்கள் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடினார்கள். கிரீன்லீயும் ஹாரிஸும் இருந்ததை அடகுவைத்துக் கடைசிச் சென்ட் வரை கொடுத்துத் தீர்த்தார்கள் என்று ஹில்லில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். அதற்குப்பின் அந்த இருவரின் வார்த்தைக்கு வங்கிச் சீட்டைவிட மதிப்பு. வாடகை கட்ட முடியாதவர், குளிர்காலத்துக்கு நிலக்கரி வாங்க முடியாதவர், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப நினைத்தவர், சாப்பாட்டுக்கடை வைக்க விரும்பியவர் என எல்லோரும் அவர்களிடம் போனார்கள்.

கிரீன்லீயைப் புனிதராக்க வேண்டியதில்லை. ஆயிரம் பேர் கட்டினால் பெரும்பாலோர் தோற்கத்தான் செய்தார்கள். அந்தச் செல்வம் கூலிக்காரர்களின் சில்லறையில் வளர்ந்தது. ஆனால் சில்லறை எங்கே போனது என்று பார்க்கவேண்டும். வைலி அவென்யூவில் அவர் நடத்திய கிராஃபோர்ட் கிரில்லில் ஜாஸ் ஒலித்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து கேட்டார்கள். அக்கம்பக்கத்துப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்த கிராஃபோர்ட்ஸ் என்ற பேஸ்பால் அணியைத் தத்தெடுத்து, சாச்சல் பெய்ஜ், ஜாஷ் கிப்சன், கூல் பாப்பா பெல், ஆஸ்கர் சார்ல்ஸ்டன், ஜூடி ஜான்சன் என்று ஆட்டக்காரர்களைச் சேர்த்தார். இந்த ஐவரும் பிற்பாடு பேஸ்பாலின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றவர்கள். வெள்ளையர் அணிகளின் கதவு அவர்களுக்கு மூடிக்கிடந்தது. நகரின் பெரிய மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டை வாடகைக்கு எடுத்தாலும் உடைமாற்றும் அறைக்குள் விடமாட்டார்கள்.

கிரீன்லீ சொந்தமாகவே ஒரு மைதானம் கட்டினார். பெட்ஃபோர்ட் அவென்யூவில், சுமார் 1,00,000 டாலர் செலவில், 1932இல் திறந்தது கிரீன்லீ ஃபீல்ட். கறுப்பின அணிக்குச் சொந்தமாகவே எழுந்த மைதானங்கள் அதற்கு முன் அரிது. பெருமந்தத்தின் அடிமட்ட வருடம் அது; எஃகு ஆலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அடுத்த வருடமே நீக்ரோ நேஷனல் லீக் என்ற பெயரில் நொடித்துப்போயிருந்த போட்டித் தொடருக்கு அவர் மறுபடி உயிர் கொடுத்தார். 1937இல் டொமினிகன் குடியரசின் சர்வாதிகாரி துருகியோவின் பெயரைத் தாங்கிய அணி பெய்ஜையும் கிப்சனையும் பெல்லையும் பணத்தைக் காட்டி இழுத்துக்கொண்டது. கிராஃபோர்ட்ஸ் அதிலிருந்து எழவில்லை.

1938இல் மைதானத்தை இடித்தார்கள். ஹில்லின் முதல் பெரிய இடிப்பு அதுதான். அந்த இடத்தில் பெட்ஃபோர்ட் ட்வெல்லிங்ஸ் என்ற அரசுக் குடியிருப்பு எழுந்தது. குழாயும் கழிப்பறையும் உள்ள வீடுகள். இடம் கிடைத்தவர்கள் மகிழ்ந்தார்கள், அதில் தவறில்லை. இடித்தால் அந்த இடத்தில் நமக்கே நல்லது எழும் என்ற எண்ணம் ஹில்லில் வேர்விட்டது அப்போதுதான் என்பது என் ஊகம். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள அது உதவும்.

வூகி ஹாரிஸுக்கு ஒரு தம்பி. சார்ல்ஸ் ஹாரிஸ் என்றால் ஊரில் யாருக்கும் தெரியாது, டீனி. அண்ணனுக்காகச் சிலகாலம் நம்பர் வசூலித்துவிட்டு, அது தனக்கு ஒத்துவராதென்று கேமராவைக் கையிலெடுத்தார். 1936 முதல் சுமார் நாற்பது ஆண்டுகள் கறுப்பினத்தவரின் பிட்ஸ்பர்க் கூரியர் இதழுக்காகப் படமெடுத்தார். அந்த இதழின் கதையைப் போன வாரமே சொல்லிவிட்டேன். திருமணம், ஞானஸ்நானம், குத்துச்சண்டை, வேலைநிறுத்தம், பாடகி லீனா ஹார்ன், கடைவாசலில் சும்மா நிற்கும் பையன்கள் எல்லாம் அவர் படங்களில் உண்டு. இன்று கார்னகி கலைக்கூடத்தில் அவருடைய நெகட்டிவ்கள் ஏறக்குறைய 80,000 இருக்கின்றன. மற்றப் படக்காரர்கள் பத்து முறை சொடுக்கும் இடத்தில் அவர் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அதனால் ‘ஒன் ஷாட்’ என்று செல்லப்பெயர். அந்தப் பெயரை வைத்தவர் மேயர் டேவிட் லாரன்ஸ்.

லாரன்ஸ் இந்தக் கதையில் வில்லன் என்று எழுதினால் வேலை சுலபம். அவர் உழைக்கும் ஐரிஷ் குடும்பத்தில் பிறந்த ஜனநாயகக் கட்சிக்காரர். ஹில்லின் வாக்குகள் அவருக்குத்தான் விழுந்தன. 1946இல் பதவியேற்றபோது நண்பகலில் தெருவிளக்கு எரியவேண்டிய அளவுக்கு நகரம் புகையில் மூழ்கிக்கிடந்தது. ஆலைகளும் வீடுகளும் என்ன எரிக்கலாம் என்பதில் கை வைத்து, எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு, புகையை ஒழித்தவர் அவர். அதற்குத் தோள்கொடுத்தவர் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் கோடீஸ்வரர், வங்கிக் குடும்பத்து ரிச்சர்ட் கிங் மெல்லன். ‘பிட்ஸ்பர்க் மறுமலர்ச்சி’ என்று அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடியது இந்த இருவரின் கூட்டணியைத்தான். நகர மறுவளர்ச்சி ஆணையம் 1946இல் அமைந்தது. அதன் முதல் தலைவரும் மேயரேதான். தனியார் நிலத்தைக் கட்டாயமாக எடுத்து, இடித்துச் சமன்செய்து, வேறு தனியாருக்குக் கொடுக்க அதற்கு அதிகாரம் உண்டு. 1949இல் வந்த மத்திய வீட்டுவசதிச் சட்டம் இதற்கான செலவில் பெரும்பங்கை ஏற்றுக்கொண்டது.

ஏன் லோயர் ஹில்? குடிசைகள் நகரின் வேறு பகுதிகளிலும் இருந்தன. லோயர் ஹில்லிலிருந்து கடைவீதிக்கு நடந்தே போய்விடலாம் என்பதுதான் விஷயம். மூன்று ஆறுகள் சேருமிடத்தில் முக்கோணமாக ஒடுங்கிக்கிடக்கும் மையப்பகுதி விரிவதற்கு மிச்சமிருந்த பக்கம் அது ஒன்றே.

இசைநாடகக் கதை இதற்குள் தனியாக ஓடியது. கோடைகாலத்தில் திறந்தவெளியில் நடந்த இசைநாடகங்களை மழை அடிக்கடி கெடுத்தது. திறந்து மூடும் கூரையோடு ஓர் அரங்கம் வேண்டும் என்றார் பல்பொருள் அங்காடி முதலாளி எட்கர் காஃப்மன்; அருவிமேல் ஃபிராங்க் லாய்ட் ரைட்டைக் கொண்டு வீடு கட்டியவர். பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். முதலில் பார்த்த இடம் ஹைலண்ட் பார்க். அங்குள்ள வசதியான குடும்பங்கள் முடியாது என்றன, திட்டம் நகர்ந்துவிட்டது. ஹில்லை நோக்கி வந்தபோது அதே ‘முடியாது’ எடுபடவில்லை.

உண்மையைச் சொன்னால், ஆரம்பத்தில் ஹில்லில் பெரிய எதிர்ப்பும் இல்லை. கூரியர் இதழே ஆதரித்தது. ஹில்லின் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர் ஹோமர் பிரவுன் மறுவளர்ச்சிச் சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். புது வீடு வரும், கட்டுமான வேலை கிடைக்கும் என்றார்கள். பெட்ஃபோர்ட் ட்வெல்லிங்ஸைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்பியதில் என்ன ஆச்சரியம்?

1956 மே 31. முதல் வீட்டின்மேல் இயந்திரம் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 95 ஏக்கர், ஏறக்குறைய 1,300 கட்டடங்கள், 400க்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும் தரைமட்டமாயின. 8,000 பேர் கிளம்பவேண்டியிருந்தது, மிகப்பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஃபுல்லர்டன் தெரு முழுசாகப் போயிற்று. கடைவீதியில் தொடங்கி மேடேறிய வைலி அவென்யூவின் கீழ்ப்பாதி போயிற்று. கிரீன்லீ இதைப் பார்க்கவில்லை. அவருடைய முதல் கிரில் 1951இல் தீக்கிரையாகி, அடுத்த வருடம் அவரும் இறந்திருந்தார்.

ஈட்டுத்தொகைக் கணக்கு சுவருக்கும் மண்ணுக்கும்தான். வாடகை இடத்தில் இருபது வருடம் முடிதிருத்தியவருக்குச் சுவர் சொந்தமில்லை. அவருடைய சொத்து, சனிக்கிழமை காலையில் நாற்காலிக்காகக் காத்திருந்த வாடிக்கையாளர்கள். அவர்களில் ஒருவர் ஹோம்வுட்டுக்கும் இன்னொருவர் ஈஸ்ட் லிபர்ட்டிக்கும் மற்றொருவர் அரசுக் குடியிருப்புக்கும் பிரிந்துபோனபின் கத்திரியை எங்கே கொண்டுபோய் வைப்பது? கடனுக்குச் சாமான் கொடுத்த மளிகைக்காரரின் நோட்டுப் புத்தகம், யார் நாணயமானவர் என்ற ஊரறிவு, வேலை காலியிருக்கும் சேதி வந்துசேரும் தெருமுனை — எவன்ஸின் ‘நட்டமில்லை’ கணக்கில் இவற்றுக்குப் பத்தி கிடையாது. வங்கி வராத ஊரில் இவைதாம் வங்கி.

தேவாலயங்களிலும் கை வைத்தார்கள். 1808இல் தொடங்கிய சபை பெத்தேல் ஏ.எம்.இ.; அலெகெனி மலைத்தொடருக்கு மேற்கே கறுப்பினத்தவரின் மிகப் பழைய சபைகளில் ஒன்று. வைலி அவென்யூவில் 1906இல் எழுந்த அதன் பெரிய செங்கல் ஆலயத்தை ‘பிக் பெத்தேல்’ என்பார்கள். 1957இல் அதை இடித்தார்கள். ஈடாகக் கிடைத்தது 2,40,000 டாலர். சபையின் கணக்கில் கட்டடத்தின் மதிப்பு அதைப்போல் மூன்று மடங்கு. அதே பகுதியில் எபிஃபனி கத்தோலிக்க ஆலயம் மட்டும் இடிபடாமல் தப்பி, இன்றும் நிற்கிறது. பெத்தேல் சபை விடவில்லை. அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2023இல், அந்த நிலத்தின் அபிவிருத்தி உரிமையைக் கையில் வைத்திருந்த பெங்குவின்ஸ் ஐஸ் ஹாக்கி நிறுவனம் சுமார் ஒன்றரை ஏக்கரைச் சபைக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

இடிப்பு தொடங்கியபோது, இடிபடும் எல்லைக்கு மேலே, பெட்ஃபோர்ட் அவென்யூ 1727இல் பதினோரு வயதுப் பையன் ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான். பின்னாளில் ஆகஸ்ட் வில்சன் என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு நாடகமாகப் பத்து எழுதி, அவற்றில் ஒன்பதை ஹில்லிலேயே நிகழவைத்தவர். ‘டூ டிரெயின்ஸ் ரன்னிங்’ நாடகத்தில் உணவுக்கடை நடத்தும் மெம்ஃபிஸ், நகராட்சி தன் கடையை எடுக்கட்டும், ஆனால் 25,000 டாலருக்கு ஒரு காசு குறைந்தாலும் விடமாட்டேன் என்று நிற்பான். கடைசியில் 35,000 கிடைக்கும். நிஜ ஹில்லில் மெம்ஃபிஸ்கள் அவ்வளவு அதிர்ஷ்டசாலிகளாக இருக்கவில்லை. வில்சனுக்கும் அது தெரியாததல்ல.

இடித்த இடத்தில் அந்தக் கூரை திறக்கும் அரங்கம் 1961 செப்டம்பர் 17 அன்று திறந்தது. 2 கோடியே 20 லட்சம் டாலர். 415 அடி விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கவிகை. எட்டு இதழ்களில் ஆறு ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரிந்து இரண்டரை நிமிடத்தில் வானத்தைத் திறந்துவிடும். பொறியியல் என்ற அளவில் அற்புதம்தான், மறுக்கமுடியாது. ஆனால் இசைநாடகத்துக்கு அதன் ஒலி அமைப்பு ஒத்துவரவில்லை. 1970களின் தொடக்கத்தில் இசைநாடகக்காரர்கள் கடைவீதியிலிருந்த ஹைன்ஸ் ஹாலுக்குப் போய்விட்டார்கள். யாருக்காகக் கூரை திறக்கவேண்டுமோ அவர்களே போனபின் எஞ்சியது ஐஸ் ஹாக்கி. ஐஸ் ஹாக்கிக்கு வானம் எதற்கு? சுற்றிலும் வரவிருந்த கலைக்கூடம், இசையரங்கம் எல்லாம் காகிதத்திலேயே நின்றன. வீடுகள் இருந்த இடத்தில் கார் நிறுத்தும் தளம் விரிந்தது. ஹில்லுக்கும் கடைவீதிக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓர் அகழியை வெட்டிவிட்டது. 2011இல் அரங்கத்தையும் இடிக்கத் தொடங்கினார்கள். பாதுகாக்கவேண்டிய வரலாற்றுச் சின்னம் என்று நீதிமன்றம் வரை போனவர்கள் உண்டு. ஹில்லில் பலருக்கு அதற்காகக் கண்ணீர் வரவில்லை.

1960களின் தொடக்கத்தில் திட்டம் மேலும் மேடேறத் தயாரானது. இம்முறை ஹில் அசைந்துகொடுக்கவில்லை. இசைத்தட்டுக் கடை நடத்திவந்த ஃபிராங்கி பேஸ் என்ற பெண்மணியும், எஃகுத் தொழிற்சங்கத்தில் பழகிய ஜேம்ஸ் மெக்காயும் தெருத்தெருவாக ஆள் சேர்த்தார்கள். சென்டர் அவென்யூவும் கிராஃபோர்ட் தெருவும் சந்திக்கும் முனையில் பெரிய விளம்பரப் பலகை ஒன்று முளைத்தது. நகராட்சியையும் மறுவளர்ச்சி ஆணையத்தையும் பெயர் சொல்லி விளித்து, இந்த இடத்துக்கு அப்பால் மறுவளர்ச்சி கிடையாது என்று அறிவித்தது அது. லோயர் ஹில்லில் ஏழைகளுக்கு வீடு கட்டு என்றும் கேட்டது. முனைக்கு ஃப்ரீடம் கார்னர் என்று பெயராயிற்று; 1963இல் வாஷிங்டன் பேரணிக்குப் புறப்பட்டவர்கள் அங்கே கூடினார்கள். எல்லை நின்றது. இன்றும் வரைபடத்தில் காலியிடம் முடிந்து வீடுகள் தொடங்குவது கிராஃபோர்ட் தெருவில்தான். கேட்ட வீடுகள் வரவில்லை.

லாரன்ஸ் இடையில் மாநில ஆளுநராகிப் பதவிக்காலம் முடித்துத் திரும்பியிருந்தார். 1966 நவம்பரில் ஒரு தேர்தல் கூட்ட மேடையில் மயங்கிச் சாய்ந்தார். அந்நாளில் பிட்ஸ்பர்க்கில் அவசர நோயாளியைத் தூக்கிப்போவது காவல்துறையின் வேன். கைதிகளை ஏற்றும் அதே வண்டி, முதலுதவி தெரியாத இரண்டு காவலர்கள். முன்னாள் ஆளுநருக்கும் அதே வேன்தான் வந்தது. மருத்துவமனையில் நினைவு திரும்பாமலே இரண்டு வாரத்துக்குமேல் கிடந்து இறந்தார். உயிர்மூச்சு மீட்பு முறையை உலகுக்குக் கற்றுத்தந்த மருத்துவர் பீட்டர் சஃபார் அந்நாளில் பிட்ஸ்பர்க்கில்தான் இருந்தார். நகரத்துக்கு வேறுவித ஆம்புலன்ஸ் வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்; அதற்கு ஆள் தேடியபோது கிடைத்தவர்கள் ஹில்லின் வேலையில்லா இளைஞர்கள். அமெரிக்காவின் முதல் பாராமெடிக்குகளில் சேர்ந்துவிட்ட அவர்களின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)